இந்த வருசத்து அலகு

வாய மூடாதீங்க பெரிப்பா. இப்பத்தான் ஊசி போட்டு பஞ்சு வெச்சிகீறேன், மூடினா எல்லாம் நனஞ்சு மறுபடியும் மொதல்லேந்து ஆரம்பிக்கணும். ஆங், அப்படியே. இன்னும் பெருசா. கோயில் பந்தல்ல நின்னுகினு ஊர அதட்டும்போது தொறப்பீங்களே, அந்த மாதிரி தொறங்க.

பேச வேணாம். பேசவும் முடியாது. உதடு தடிச்சு, நாக்கு பாதி இல்லாத மாதிரி கீதா? இருக்கும், மரப்பு ஏறுது. வலிச்சா எடது கைய தூக்குங்க, அந்த நிமிசமே நிறுத்திடுவேன். நான் பேசுறது புடிக்கலன்னு தூக்கினீங்கன்னா நிறுத்த மாட்டேன். அத்த இப்பவே சொல்லிட்டேன்.

ஷீலா, நீ வெளில போய் பெரிப்பா மருமக தீபா அண்ணிக்கு ஒரு டீ சொல்லும்மா. எச்சி இழுக்குற குழாய நானே புடிச்சுக்கிறேன். கதவ சாத்திட்டு போ.

இன்னா அப்படி முழிக்கிறீங்க? பயமா? சே. நான் டாக்டரு பெரிப்பா. வன்மத்த கைல காட்ட மாட்டேன். வாயில தான் காட்டுவேன். கேட்டுகினு படுங்க.

போர்டுல பேர பாத்தீங்கல்ல? டாக்டர் தமிழினி தயாளன். உங்க தம்பி பேரயும் சேத்து தான் எழுதி வெச்சிகீறேன். அத்த படிச்சுட்டும் படியேறி வந்தீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு எனக்கு, வலி எந்த அளவுக்கு கீதுன்னு. கூடுவாஞ்சேரில ஒருத்தரு, கேம்ப் ரோட்ல ஒருத்தரு, எல்லாரும் மாத்திர குடுத்து திங்கக்கெழம வாங்கன்னு அனுப்பிட்டாங்களாமே. அண்ணி சொன்னாங்க. திங்கக்கெழம வெச்சுகினு நீங்க இன்னா பண்றது? ஞாயித்துக்கெழம கூழு. ஞாயித்துக்கெழம அலகு. வருசா வருசம் கன்னத்துல வேல் வாங்கிகினு ஊர சுத்தி வர்ற ராஜகோபால், கன்னம் பன்னு மாதிரி வீங்கிகினு பந்தல்ல நாற்காலி போட்டு உக்காந்தா ஊரு இன்னா பேசும்? அந்த அவசரம். வேற வழியில்லாம தம்பி பொண்ணு ஞாபகம் வந்துச்சு.

ரெண்டு வருசமா வரலையே பெரிப்பா அந்த ஞாபகம். நான் செத்தேனா பொழச்சேனான்னு கேட்டீங்களா? அது கூட வேணாம், என்ன வுடுங்க. எங்கம்மா வாய் பேச முடியாம கெடக்குறா, இங்க இருக்குற பெருங்களத்தூர்ல. ஒரு தடவ வந்து எட்டிப் பாத்தீங்களா? நீங்க வரல. உங்க புள்ள பாலு அண்ணன் வரல. தீபா அண்ணி மட்டும் உங்களுக்குத் தெரியாம மீன் கொழம்பு குடுத்து அனுப்புவாங்க. அய்யய்யோ, சொல்லிட்டேனா? நல்லா தெரிஞ்சுக்கோங்க. வூட்டுக்குப் போய் அவங்கள எதுனா கேட்டீங்கன்னு தெரிஞ்சுது, தையல் பிரிக்க இங்க தான் வரணும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்தப் பக்கம் திரும்புங்க. தோ, இங்க தொட்டா தெரியுதா? தெரியலல்ல. நல்லா மரத்துடுச்சு.

இன்னா காட்டுறீங்க, காதையா? சத்தமா? டிக் டிக்குனு கேக்குதா? அது ஒண்ணுமில்ல, கம்ப்ரசர் பழசு. நான் பேசுறது கொழகொழன்னு கீதா? மூஞ்சில மாஸ்க் போட்டுகினு பேசினா அப்படித்தான் இருக்கும். உங்க காதும் இன்னா சின்ன வயசா?

சரி, இப்ப பல்லு விசயம். கடவாப்பல்லு அடில சீழு கட்டிகினு, எலும்ப தின்னுட்டு கீது. அவங்க குடுத்த மாத்திர போட்டு வீக்கம் கொஞ்சம் வத்தினதால தான் இன்னிக்கு கை வெக்கிறேன். பல்ல காப்பாத்த முடியாது, எடுக்கணும்னு சொன்னதுக்கு தலையாட்டிட்டீங்க. இன்னொண்ணும் சொல்றேன், அதுக்கும் தலையாட்டுங்க. ஞாயித்துக்கெழம அலகு கெடையாது.

கைய எறக்குங்க. வலியா? வலி இல்லல்ல? அப்ப எறக்குங்க. கோவத்துக்கெல்லாம் நிறுத்த மாட்டேன்னு தான் சொன்னேனே. இன்னா, அந்தப் பக்கத்து கன்னத்துல வாங்கிக்கிறீங்களா? வாயி ஒண்ணு தான பெரிப்பா. இந்தப் பக்கம் பச்சப் புண்ணு, அந்தப் பக்கம் வேலு, ஒடம்புல சுகரு. மூஞ்சி மொத்தம் சீழ் புடிச்சா கழுத்துக்கு எறங்கும், மூச்சே அடச்சுகினு போவும். சாமி பாத்துக்கும்னு தான மேல காட்டுறீங்க? பாத்துச்சே. பாத்து தான் உங்கள இங்க அனுப்பிச்சுது.

தெரியும், தெரியும். தாத்தா காலத்துலேந்து நம்ம வூட்டு அலகு ஒரு ஆடி கூட வுட்டுப்போனதில்ல. வெள்ளம் வந்து நம்ம முடிச்சூர் மொத்தம் மொதந்த வருசம் கூட வுட்டதில்ல. நானும் அந்த வூட்டுல பொறந்தவ தான், எனக்கு சொல்றீங்களா? பாலு அண்ணன போட்டுக்க சொல்லுங்களேன். சிறுசேரில பெரிய கம்பெனி, டீம் லீடு. ஆபீஸ்ல ரத்தம் டெஸ்ட் எடுக்கறப்போ ஊசிய பாத்துட்டு மயக்கம் போட்டு நாற்காலியோட வுழுந்தாரு. அண்ணி சிரிச்சு சிரிச்சு சொன்னாங்க. ஆம்பள புள்ள. வம்சம்.

அழுத்தம் மட்டும் தெரியும், பயப்படாதீங்க. நான் ஆட்டி ஆட்டி லூசு பண்றேன்.

அன்னிக்கும் ஆடி தான பெரிப்பா. அம்மா குரோம்பேட்டைல ஆஸ்பத்திரில கெடக்குறா. மூளைல ரத்தம் கட்டி ஒரு பக்கம் இஸ்துகிச்சு, பேச்சு சுத்தமா போச்சு. ஜெயஸ்ரீம்மா, ஜெயஸ்ரீம்மான்னு நர்ஸு கூப்புட்டா கண்ணு மட்டும் திரும்பும். என்ன பாத்துட்டு தமிழுன்னு கூப்புட வாய தொறப்பா, காத்து தான் வரும். அந்த மூஞ்ச நீங்க பாக்கல. பாத்திருந்தா சிரிச்சிருக்க மாட்டீங்க. கூடப் பொறந்தவங்க எனக்கு கெடையாது, அப்பாவும் போய் சேந்துட்டாரு. நான் எங்க ஓடுவேன்? நம்ம அங்காளம்மாகிட்ட தான ஓடுவேன். எங்கம்மாவுக்கு பேச்ச குடு, நான் நாக்குல அலகு போட்டுக்கிறேன்னு வேண்டிகினு உங்ககிட்ட வந்து நின்னேன். நம்ம வூட்டுல மூத்தவங்க கையால தான போடணும். மூத்தவங்க கையால தான, அங்காளம்மா எதிர்ல நின்னு, விபூதி வெச்சு எடுக்கணும். மூத்தவரு நீங்க தான.

நீங்க இன்னா சொன்னீங்க? ஞாபகம் கீதா? கண்ண மூடாதீங்க, எனக்கு நல்லா ஞாபகம் கீது. நம்ம வம்சத்துல பொம்பள நாக்குல வேலு ஏறினது கெடையாதுன்னீங்க. சுத்துப்பட்டுல எல்லா ஊர்லயும் பொம்பளைங்க போட்டுகினு தான கீறாங்கன்னு கேட்டேன். அத்தோட வுட்டிருந்தா கூட நான் பொறுத்துகினு போயிருப்பேன். வுட்டீங்களா? உனக்குத் தான் ஏற்கெனவே நாக்கு நீளமாச்சே, அதுக்கு வேலு வேறயான்னு கேட்டீங்க. கூழுக்கு நின்ன கூட்டம் மொத்தம் சிரிச்சுது பெரிப்பா. துளசிங்கம் மாமா கைல இருந்த சொம்ப கீழ வெச்சுட்டு சிரிச்சாரு. ஆஸ்பத்திரில பேச்சில்லாம ஒருத்தி கெடக்குறா, இங்க நாக்க வெச்சு ஒரு ஜோக்கு. செருப்ப கூட போட்டுக்காம ரோட்டுக்கு வந்தேன். இனிமே இந்த ஆள் வூட்டு வாசப்படிய மிதிச்சா நான் தயாளன் பொண்ணே இல்லன்னு சொல்லிட்டு போனேன். மிதிக்கல.

தண்ணி அடிக்கிறேன், முழுங்காதீங்க. குழாய் இழுத்துக்கும்.

இத்த கேளுங்க. எனக்கு ஒரு பேஷண்ட் கீறா. நம்ம தாம்பரத்து பொண்ணு தான், பேரு எதுக்கு. நாக்குல கம்பி போட்டுகினு கீறா. இந்த காலத்து புள்ளைங்க போட்டுக்குமே, மேல ஒரு குண்டு, கீழ ஒரு குண்டு, நடுவுல கம்பி. வேளச்சேரில ஒரு பச்ச குத்துற கடைல போட்டா. ஏசி ரூமு, செவுத்துல மண்ட ஓடு படம், காதுல பாட்டு கேட்டுகினே ஒருத்தன் குத்தி வுட்டான்.

மூஞ்ச சுளிக்காதீங்க பெரிப்பா! இந்தக் கன்னத்துல சொருவி அந்தக் கன்னத்துல எடுத்த வேலோட போட்டோ புடிச்சு ஹால்ல மாட்டி வெச்சிகீற ஆளு நீங்க. நீங்க குத்திகினா பக்தி, அவ குத்திகினா திமுரா?

ஒரு வித்தியாசம் கீது, ஒத்துக்கிறேன். அது டாக்டரா சொல்றேன். அலகு காலைல போடறீங்க, ஊர சுத்தி வந்து உச்சிக்கெல்லாம் எடுத்துடறீங்க. நாக்கு சதை சீக்கிரம் கூடிக்கும், பல்லுக்கு ஒண்ணும் ஆவாது. இந்தக் கம்பி அப்படி இல்ல. அங்கியே குடித்தனம் நடத்தும். மொதல்ல நாக்கு வீங்கும்னு நீளக் கம்பியா போடுவாங்க. வீக்கம் வத்தினதும் அத்த கழட்டிட்டு சின்னதா மாத்திக்கணும். இவ மாத்தல. அந்த நீளக் கம்பியே ரெண்டு வருசமா கெடக்குது. பேசினா பல்லுல இடிக்கும். முழுங்கினா இடிக்கும். சும்மா உக்காந்திருந்தாலும் நாக்கு அத்த தள்ளிகினே இருக்கும், தூக்கத்துல கூட.

தோ, ஸ்க்ரீன பாருங்க. அவ எக்ஸ்ரே தான். வெள்ளையா தெரியுது பாருங்க, கம்பி. அதுக்கு எதிர்ல கீழ் முன்பல்லு ரெண்டு. அதுங்கள சுத்தி கருப்பா கீதுல்ல, அங்கெல்லாம் எலும்பு இருக்கணும். கரஞ்சு போச்சு. உள்பக்கம் ஈறு எறங்கி வேரு வெளில தெரியுது. வெரல வெச்சா ரெண்டும் ஆடும். பின்னாடி ஒரு கடவாப்பல்லு ஓரம் சில்லு பேந்து போச்சு, வேர்க்கடல சாப்புடறப்போ குண்டு நடுவுல மாட்டிகினு. காத்து பட்டா கூட கூசும். ஐஸ்க்ரீம பாத்தே ரொம்ப நாளாச்சு அவளுக்கு. இப்ப கழட்டினா எறங்கின ஈறு ஏறாது, ஆனா பல்லு தங்கும். இன்னும் கொஞ்ச நாளு வுட்டா அந்த ரெண்டும் தானா கைல வந்துடும். கல்யாணம் ஆவாத பொண்ணு பெரிப்பா. முன்பல்லு.

கைய ஏன் சுத்துறீங்க? லூசான்னு கேக்குறீங்களா? லூசு தான். காலேஜ் புள்ளைங்க இந்த மாதிரி வந்தா நான் பத்ரகாளியாட்டம் கத்தி, இங்கியே கழட்டி, குப்பைல போட்டு தான் அனுப்புவேன். இவள மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியல. பெரிய பேஜார். தெனம் காலைல அவ மூஞ்ச பாத்து திட்டிகினு தான் கீறேன். உன் படிப்புக்கு இது அழகாடின்னு கேக்குறேன். நாக்க உள்ள இஸ்துக்கிறா.

வேண்டுதலாம் பெரிப்பா.

ஆடாதீங்க, இப்ப தான் புடி கெடச்சிகீது. ஆமா, வேண்டுதல். கோயில்ல போட வுடல, அதனால கடைல போட்டுகினா. வேண்டினது நடந்தா சாமி எதிர்ல, வூட்டுக்கு மூத்தவங்க கையால கழட்டணுமாம். நடுவுல கம்பிய மாத்தினா கூட அலக எடுத்த மாதிரி ஆயிடும், வேண்டுதல் பாதில அறுந்துடும்னு பயம் அவளுக்கு. படிச்ச படிப்பெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டா, படிப்பு வாய்க்குள்ள பாக்கும், இது அதுக்கு கீழ, நெஞ்சுக்குள்ளன்னு பதில் சொல்றா. நாக்கு நீளம் தான் அவளுக்கும்.

கடைல எவனோ குத்தினதெல்லாம் அலகான்னு நீங்க கேக்கக் கூடாது. பழனிக்குப் போன எடத்துல யாரோ குத்தி வுட்ட வேலோட சின்ன தாத்தா நம்ம கோயில் வாசல்ல வந்து நின்னாரே. எவன் குத்தினா இன்னா, எடுக்குறது மூத்தவன் கைன்னு சொல்லிட்டு யாரு எடுத்தது, உங்கப்பா தான? இந்தக் கதைய பொங்கலுக்கு பொங்கல் நீங்களே சொல்லி தான் நாங்கெல்லாம் கேட்டுகீறோம்.

இருங்க, இருங்க. வருது. நல்லா மூச்சு வுடுங்க. ம்... அவ்ளோ தான். வந்துடுச்சு. பாக்குறீங்களா? வேர பாருங்க, எப்படி வளஞ்சு புடிச்சுகினு இருந்துச்சுன்னு. பிடிவாதம் புடிச்ச பல்லு. நம்ம குடும்பத்து பல்லு தான.

ரெண்டு தையல். முடிஞ்சுது. இந்தப் பஞ்ச வெக்கிறேன், கெட்டியா கடிச்சுக்கோங்க. அர மணி நேரம் வாய தொறக்கக் கூடாது, பேசக் கூடாது, துப்பக் கூடாது. துப்பினா ரத்தம் நிக்காது. எழுந்து உக்காருங்க. மெதுவா. தலை சுத்துதா? சுத்தலல்ல?

எனக்கு தான் புழுங்குது. இந்த மாஸ்க்க கழட்டிக்கிறேன்.

ம். அதான் அந்த சத்தம். கம்ப்ரசர் போன மாசம் தான் புதுசு வாங்கினேன்.

நல்லா பாருங்க, நாக்க நீட்டுறேன். பக்கத்துல வாங்க, கடிக்க மாட்டேன், கடிச்சா என் பல்லு தான் போவும். பேஷண்டுங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஷீலாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும், வூட்டுல மாஸ்க் போட்டுகினா இருப்பேன்? ரெண்டு வருசமா அவ என் வாயத் தான் பாத்துகினே இருந்தா. சோறு ஊட்டும்போது பாப்பா. மருந்து குடுக்கும்போது பாப்பா. அவளுக்கு தலைகாணி ஒற மாத்திகினு எதுனா திட்டுவேன், அப்ப டிக்குனு கேக்கும், கண்ணு கலங்கிடுவா.

போன வெள்ளிக்கெழம அம்மா பேசிட்டா பெரிப்பா.

அடுப்புல தோச கெடக்குது. பின்னாடி செவுத்த புடிச்சுகினு வந்து நின்னவ, என் தாடைய தொட்டு, கழட்டுன்னா. தமிழுன்னு கூப்புடல. தண்ணின்னு கேக்கல. ரெண்டு வருசம் கழிச்சு வந்த மொத வார்த்த அது தான். கழட்டு. தோச கருகிப்போச்சு, நான் அவள கட்டிகினு கீழ உக்காந்து ஓன்னு அழுதேன். வேண்டினது நடந்துடுச்சு. கழட்ட நீங்க வேணும். உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவ, வெள்ளிக்கெழமலேந்து தெனம் ஸ்கூட்டிய உங்க தெரு மொன வரைக்கும் ஓட்டிகினு வந்து, திருப்பிகினு போயிட்டேன். எனக்கு ரோசம். பல்லு போனாலும் போவட்டும், அந்தாள்கிட்ட போய் நிக்க மாட்டேன்னு. இன்னிக்கு கதவ தொறந்தா நீங்க கன்னத்த புடிச்சுகினு நிக்கிறீங்க.

ஞாயித்துக்கெழம வர்றேன். மஞ்ச துணி கட்டிகினு, அம்மாவ கைல புடிச்சுகினு வர்றேன். எல்லார் எதிர்லயும் நாக்க நீட்டுவேன், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். கீழ் குண்ட ரெண்டு வெரலால புடிச்சு எடது பக்கமா திருவுங்க, கழண்டுடும். கைய மட்டும் நல்லா கழுவிகினு வாங்க. முடியாதுன்னு சொல்றதா இருந்தா இப்பவே அந்தப் பஞ்ச துப்பிட்டு சொல்லுங்க.

துப்பல.

உங்களுக்கு இந்த வருசம் கெடையாது. பாலு அண்ணன் போட்டுக்க மாட்டாரு. நம்ம வூட்டு அலகு இந்த ஆடிக்கு ஒண்ணே ஒண்ணு தான் பெரிப்பா. அது என் நாக்குல கீது.

இன்னா, கண்ணுல தண்ணி வருது? மரப்பு இன்னும் வுட்டிருக்காதே. வலிக்கக் கூடாதே.